சிவப்பு விளக்கு ஜூ: தளபதி இல்லாத கிளர்ச்சியில் தலைவர் என்றால் யார்?

1899 டிசம்பர் கடைசியில், வட சீனாவின் ஷான்டோங் மாகாணத் தலைநகர் ஜினானில் மூன்று பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒருவர் ஜூ ஹோங்டெங். இன்னொருவர் பென்மிங் என்ற பௌத்தத் துறவி. மூன்றாமவர் யூ சிங்ஷுய். தலைவர்களைப் பிடித்துத் தண்டித்தால் பின்னால் நிற்கும் கூட்டம் தானாகக் கலைந்துவிடும் என்பது மாகாண அரசின் கணக்கு. ஆறு மாதம் கழித்து, 1900 ஜூனில், அதே முழக்கத்தோடு அதே சிவப்புத் துணி கட்டிய இளைஞர்கள் பெய்ஜிங் தெருக்களில் நின்றார்கள். அயல்நாட்டுத் தூதரகங்கள் முற்றுகைக்குள் இருந்தன. உலகம் 'பாக்சர் கிளர்ச்சி' என்று நினைவில் வைத்திருப்பது இந்த 1900ஆம் ஆண்டைத்தான். அந்தக் கிளர்ச்சியின் தொடக்ககாலத் தலைவர்களில் பெரும்பெயர் பெற்றவரான ஜூ ஹோங்டெங் அந்த ஆண்டைப் பார்க்கவே இல்லை.

தலைவர் போன பிறகும் இயக்கம் ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாக்சர் கிளர்ச்சி ஓரளவு பிடிபட்டுவிடும். 'விவசாயிகள் கிளர்ச்சியின் தலைவர்' என்றதும் குதிரைமேல் அமர்ந்து ஆணையிடும் தளபதியை மனம் வரைந்துவிடுகிறது. இங்கே அந்தப் படத்தை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதலில் பெயர். சீன மொழியில் இவர்கள் 'யிஹே சுவான்'. 'யி' என்றால் நீதி, 'ஹே' என்றால் இணக்கம், 'சுவான்' என்றால் முஷ்டி, அதோடு கைச்சண்டைக் கலைக்கும் அதே சொல். நீதிக்காக ஒன்றுசேர்ந்த முஷ்டி என்று பொருள் கொள்ளலாம். சண்டைக் கலை பயில்கிறவர்கள் என்பதால் ஆங்கிலம் பேசிய மதபோதகர்கள் 'பாக்சர்' என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கையுறை மாட்டி மேடையில் மோதும் குத்துச்சண்டைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பின்னாளில் 'சுவான்' போய் 'துவான்' வந்தது. 'துவான்' என்றால் படைக்குழு. ஊர்க்காவல் படைக்குச் சட்டப்படி இடம் இருந்ததால் இந்தப் பெயர் மாற்றம் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும் ஆனது.

நிலமும் வெள்ளமும்

ஜூ ஹோங்டெங் தலையெடுத்த இடம் ஷான்டோங்கின் வடமேற்குச் சமவெளி. ச்சீபிங், சாங்சிங், காவ்தாங், பிங்யுவான் ஆகிய வட்டங்கள் அங்கே உள்ளன. எந்தப் பக்கம் பார்த்தாலும் மேடு கிடையாது. 1855இல் மஞ்சள் ஆறு தன் போக்கை மாற்றி, தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்தது விலகி, வடக்கே ஷான்டோங் வழியாகப் பாயத் தொடங்கியது. அதுவரை அந்தப் பேராற்றைப் பார்த்திராத வயல்களுக்கு இது பெரும் கேடு. வண்டல் படிந்து படிந்து ஆற்றின் அடிமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்துவிடும். கரை உடைந்தால் வெளியேறிய நீர் திரும்பி ஆற்றுக்குள் போக வழியில்லை, வயலிலேயே தேங்கும். நீர் வடிந்த பிறகும் மண்ணில் உப்புப் பூக்கும்.

1898 ஆகஸ்டில் அப்படி ஒரு பெரிய உடைப்பு ஏற்பட்டது. ஊர் ஊராக மக்கள் கரைமேல் குடிசை போட்டார்கள். விதை நெல்லைக்கூடத் தின்று தீர்த்துவிட்டார்கள் என்று நாம் சொல்லும் நிலைதான், அங்கே தானியம் மட்டும் கோதுமையும் சோளமும். அடுத்த ஆண்டு முடிவிலிருந்து எதிர்த்திசையில் அடி விழுந்தது. வட சீனா முழுவதும் மழை பொய்த்தது. விதைக்க முடியாத நிலத்தில் இளைஞர்களுக்கு வேலை இல்லை. இந்த வேலையில்லாப் பொழுதுக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு செய்தியும் முக்கியம். இந்தச் சமவெளியில் பெரிய நிலக்கிழார்கள் குறைவு, தேர்வெழுதிப் பட்டம் பெற்ற கனவான்களும் குறைவு. சிறிய துண்டு நிலத்தைச் சொந்தமாக உழுகிறவர்களே அதிகம். பஞ்சம் பிழைக்கப் போகிறவர்களும் வருகிறவர்களும் அதிகம் என்பதால், வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஊரில் தங்குவது யாருக்கும் வியப்பில்லை. கட்டுப்படுத்த வலுவான ஊர்ப்பெரியவர்கள் இல்லை, வெளியாளுக்குக் கதவும் அடைக்கப்படவில்லை. ஜூ ஹோங்டெங் நுழைந்தது இந்தத் திறந்த வாசல் வழியாகத்தான்.

தேவாலயத்தின்மேல் கோபம் எங்கிருந்து வந்தது

'வெள்ளையர்மேல் வெறுப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது தவறு. ஷான்டோங் விவசாயி ஒருவர் வாழ்நாளில் ஒரு வெள்ளையரைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் பார்த்தது தன் ஊரிலேயே மதம் மாறிய பக்கத்து வீட்டாரை. சண்டை தொடங்கியதும் அங்கேதான்.

1858, 1860 ஒப்பந்தங்கள் மதபோதகர்களுக்குச் சீனாவின் உட்பகுதியில் தங்கும் உரிமையைக் கொடுத்தன. 1860இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தின் சீன வடிவம் நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் அவர்களுக்கு வழிவிட்டது. அதன்பின் ஒரு கிறிஸ்தவக் குடியானவருக்கும் இன்னொருவருக்கும் வரப்புத் தகராறு வந்தால் போதகர் வட்ட அதிகாரிக்கு எழுதுவார். அதிகாரி இழுத்தடித்தால் தூதரகம் வரை போகும். தூதரகம் பெய்ஜிங்கை நெருக்கும், பெய்ஜிங் ஆளுநரை நெருக்கும், ஆளுநர் அந்த வட்ட அதிகாரியின் பதவியைப் பறிக்கலாம். இது தெரிந்த அதிகாரி எது நியாயம் என்று பார்க்காமல் எது பாதுகாப்பு என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். எல்லா வழக்கும் இப்படி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்படித்தான் முடியும் என்ற நம்பிக்கை பரவியது. வழக்கில் தோற்கப்போகிறவர்கள், சில இடங்களில் கொள்ளையர்கள்கூட, அந்தப் பாதுகாப்புக்காகவே மதம் மாறினார்கள்.

அடுத்தது கோயில் வரி. ஊர்த் திருவிழாவுக்கும், அதில் போடும் தெருக்கூத்துப் போன்ற நாடகத்துக்கும், மழை வேண்டிச் செய்யும் வழிபாட்டுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். 1862இல் வந்த ஆணை கத்தோலிக்கர்களுக்கு இதிலிருந்து விலக்குக் கொடுத்தது. அவர்கள் விலகினால் மிச்சப்பேரின் பங்கு கூடும். மழை பொய்த்த ஆண்டில் 'சாமிக்குக் கொடுக்காதவர்களால்தான் மழை வரவில்லை' என்ற பேச்சு கிளம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குவான் வட்டத்தைச் சேர்ந்த லீயுவான்துன் என்ற ஊரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 1869இல் ஊர்ப் பொதுநிலத்தைப் பிரித்தபோது பழைய ஜேட் பேரரசர் கோயில் இருந்த மனை கிறிஸ்தவர் பங்குக்கு வந்தது. அங்கே தேவாலயம் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழக்கும் கைகலப்பும் மாறி மாறி நடந்தன. ஊர்க் கனவான்கள் வழக்குப் போட்டுத் தோற்றபின், 'பதினெட்டுத் தலைகள்' என்று பெயர் பெற்ற ஏழை இளைஞர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டு, 'பிளம் மலர் முஷ்டி' என்ற சண்டைக் கலையின் ஆசான் ஜாவ் சான்துவோவிடம் உதவி கேட்டார்கள். 'யிஹே சுவான்' என்ற பெயரை இயக்கத்துக்குச் சூட்டியது அவருடைய வட்டம்தான். லீயுவான்துன் ஷான்டோங்குக்குச் சொந்தம், ஆனால் சுற்றிலும், பெய்ஜிங்கைச் சூழ்ந்த ஜிலி மாகாணத்தின் நிலம். தீவு போலக் கிடந்த அந்த ஊரைக் கண்காணிக்க எந்த அதிகாரிக்கும் கை எட்டவில்லை.

1897 நவம்பர் 1ஆம் தேதி ஜூயே வட்டத்தில் இரண்டு ஜெர்மன் போதகர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ஜெர்மன் கடற்படை ஜியாவ்ஜோவ் விரிகுடாவைப் பிடித்தது. 1898 மார்ச்சில் 99 ஆண்டுக் குத்தகை எழுதிவாங்கப்பட்டது. ஊர்ச் சண்டை ஒன்று நாட்டின் துறைமுகத்தையே விலையாகக் கேட்கும் என்பதை ஷான்டோங் கண்ணால் பார்த்தது.

சாமி இறங்கும் கலை

பாக்சர் இயக்கத்துக்கு முன்னோடிகள் மூன்று. தென்மேற்கு ஷான்டோங்கின் 'பெரும்வாள் சங்கம்' ஒன்று. லியு ஷிதுவான் என்பவர் தலைமையில், கொள்ளையரிடமிருந்து நிலத்தைக் காக்க வளர்ந்தது. 1896இல் அவரை அரசு கொன்றதும் அது ஒடுங்கிவிட்டது. தலையை வெட்டினால் உடல் விழும் என்ற அரசின் பாடம் இங்கே கற்றதுதான். அடுத்தது மேலே சொன்ன பிளம் மலர் முஷ்டி. மூன்றாவது, ச்சீபிங் பகுதியில் 1896 வாக்கில் பரவத் தொடங்கிய 'ஷென் சுவான்', அதாவது தெய்வ முஷ்டி. ஜூ ஹோங்டெங் இந்த மூன்றாவதைச் சேர்ந்தவர். 1900இல் வட சீனா முழுவதும் பரவியது யிஹே சுவான் என்ற பெயர், ஆனால் பரவிய சடங்கு தெய்வ முஷ்டியுடையது. படிக்கத் தொடங்குகிறவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. பெயர் ஒரு ஓடையிலிருந்தும் உயிர் இன்னொரு ஓடையிலிருந்தும் வந்தன என்று நினைவில் வைத்தால் போதும்.

பெரும்வாள் சங்கத்தில் 'பொன்மணிக் கவசம்' என்ற பயிற்சி உண்டு. மந்திரம் எழுதிய தாளை எரித்துச் சாம்பலை நீரில் கரைத்துக் குடிப்பார்கள், செங்கல்லாலும் வாளாலும் உடம்பில் அடித்துப் பழகுவார்கள். அதற்கு நாளும் பிடிக்கும், ஆசானும் வேண்டும், காணிக்கையும் வேண்டும். தெய்வ முஷ்டி இந்த மூன்றையும் உதறிவிட்டது.

அதன் முறை எளியது. ஊர்க் களத்திலோ கோயில் முற்றத்திலோ ஒரு பீடம். அதில் ஊதுவத்தி, தெய்வத்தின் பெயர் எழுதிய சீட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். பயில வந்தவர் தென்கிழக்கு நோக்கி நெற்றி நிலத்தில் பட விழுந்து வணங்குவார். மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மூச்சு வேகமாகும், கண் மூடும், உடம்பு ஆடும். சிலர் கீழே விழுவார்கள். எழுந்தபோது அவர்மேல் தெய்வம் இறங்கியிருக்கும். வந்தது யார் என்று கேட்டால் பெயர் சொல்வார். பிறகு அந்தத் தெய்வத்தின் நடையில் வாளையோ ஈட்டியையோ கழியையோ எடுத்து வீசுவார். சாமியாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இறங்கிய தெய்வங்கள் யார் என்பதுதான் சுவையான இடம். குரங்கரசன் சுன் வூகோங், பன்றிமுகத்து ஜூ பாஜியே, போர்த்தெய்வம் குவான் யூ, ஜாங் ஃபே, ஜாவ் யுன். எல்லாரும் ஊர்த் திருவிழா மேடையில் ஆண்டுதோறும் ஆடிய நாடகப் பாத்திரங்கள். எழுத்தறியாத பதினாறு வயதுப் பையனுக்கும் சுன் வூகோங் எப்படித் தாவுவான், குவான் யூ எப்படித் தாடியை நீவுவான் என்பது மனப்பாடம். எனவே புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. சில நாளிலோ சில வாரத்திலோ ஒருவர் தேறிவிடுவார்.

தலைவர் பற்றிய கேள்விக்கு விடை இந்தச் சடங்குக்குள் ஒளிந்திருக்கிறது. மற்றச் சண்டைக் கலைகளில் கலை ஆசானிடமிருந்து சீடனுக்கு இறங்கும், அதனால் ஆசான் மேலே, சீடன் கீழே. தெய்வ முஷ்டியில் கற்பிப்பது தெய்வமே. நடுவில் ஆசான் தேவையில்லை. அப்படியானால் எல்லாரும் ஒரே ஆசானின் சீடர்கள், அண்ணன் தம்பி உறவு. இவர்களின் தலைவருக்குப் பெயரே 'தா ஷி ஷியோங்', சீடர்களில் மூத்த அண்ணன். அவருக்கு அடுத்தவர் இரண்டாம் அண்ணன். ஒரு ஊரில் பயிற்சி முடித்தவர் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு பீடம் வைத்தால் அங்கே அவர் மூத்த அண்ணன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம். காட்டுத்தீ போலப் பரவ இந்த அமைப்பே காரணம். ஆயிரம் பீடங்களை ஒரே திட்டத்தில் நடத்த முடியாமல் போனதற்கும் இதே அமைப்புத்தான் காரணம்.

கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. பொருளாசை கூடாது, பெண்ணாசை கூடாது, பெற்றோர் சொல் மீறக் கூடாது, தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டும், சக பயிற்சியாளரைக் கண்டால் கைகூப்ப வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. தொடக்கத்தில் ஊரார் இவர்களை நல்ல பிள்ளைகளாகவே பார்த்தார்கள்.

தவறிய இடம், துப்பாக்கிக் குண்டு பாயாது என்ற நம்பிக்கை. வெட்டுக்கு ஓரளவு பயிற்சியால் ஈடு கொடுக்கலாம். தோலை இறுக்கி, வாளின் முனையை இழுக்காமல் அழுத்தினால் காயம் சிறிதாகவே இருக்கும். கூட்டத்தின்முன் காட்டும் துப்பாக்கிச் சோதனையில் குண்டில்லாமல் வெறும் மருந்து மட்டும் திணித்துச் சுட்டதும் உண்டு. போர்க்களத்தில் குண்டு பாய்ந்தபோது விளக்கம் ஆயத்தமாக இருந்தது. இறந்தவர் விதியை மீறியிருப்பார், திருடியிருப்பார், மந்திரத்தைத் தவறாகச் சொல்லியிருப்பார், எதிரிப் பக்கத்துப் பெண்ணின் தீட்டு பட்டிருக்கும். தோல்வி தெய்வத்தின்மேல் விழாமல் ஆளின்மேல் விழுந்ததால், ஒரு களத்தில் தோற்றும் நம்பிக்கை சாகவில்லை.

ஜூ ஹோங்டெங் வந்த வழி

அவருடைய சொந்த ஊர் தெற்கு ஷான்டோங்கின் சிஷுய் வட்டம். வெள்ளத்துக்குப் பிறகான நெருக்கடியில் தாய்வழி உறவைத் தேடி சாங்சிங் பகுதிக்கு வந்து சேர்ந்தார். ஹோங்டெங் என்றால் 'சிவப்பு விளக்கு', வைத்துக்கொண்ட பெயர். ஜூ என்ற குடும்பப் பெயருக்குத் தனிக் கனம் உண்டு. 1644இல் வீழ்ந்த மிங் அரச வம்சத்தின் பெயரும் ஜூதான். அவர் தன்னை மிங் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டதாக அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அவருடைய கொடியில் எழுதியிருந்ததோ, மிங்குக்குப் பின் அப்போது சீனாவை ஆண்டுகொண்டிருந்த சிங் அரசை வாழவைப்போம், அயலாரை ஒழிப்போம் என்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அதிகாரி எழுதிய குற்றச்சாட்டைவிட ஊரறியப் பிடித்த கொடியை நம்புவதே சரி.

அவரிடம் நிலமோ பட்டமோ பணமோ இல்லை. அவர் நோய் பார்த்தார். காசு வாங்காமல் பார்த்தார். வெள்ளம் வடிந்த ஊர்களில் நோய்க்குக் குறைவில்லை. குணமானவர் வீட்டில் ஒரு வேளைச் சோறும் நாலு பேரிடம் நல்ல சொல்லும் கிடைக்கும். அங்கிருந்து பீடம், பீடத்திலிருந்து இளைஞர் கூட்டம், கூட்டத்திலிருந்து பக்கத்து ஊர் அழைப்பு. மூத்த அண்ணன் ஒருவர் வளரும் படிகள் இவையே. படைபலத்தால் யாரும் அங்கே தலைவராகவில்லை.

பக்கத்து ஊர் அழைப்பு என்ன செய்யும் என்பதை 1899 இலையுதிர் காலம் காட்டியது. பிங்யுவான் வட்டத்தில் காங்ஸி லீஜுவாங் என்ற சிற்றூர். ஒரே லீ குடும்பப் பெயருக்குள் இரண்டு பேர். லீ ஜின்பாங் கிறிஸ்தவர், வசதியுள்ளவர். லீ சாங்ஷுய் ஏழை, உள்ளூர்ப் பாக்சர். பசி மிகுந்த அந்தக் காலத்தில் சாங்ஷுய் ஆட்களோடு போய் ஜின்பாங் வீட்டுத் தானியத்தை அள்ளினார். புகார் போயிற்று. வட்ட அதிகாரி ஜியாங் காய் ஆறு பேரைப் பிடித்து அடைத்தார். சாங்ஷுய் ச்சீபிங்குக்கு ஆள் அனுப்பி ஜூ ஹோங்டெங்கை அழைத்தார். ஜூ சில நூறு பேரோடு வந்து சேர்ந்தார்.

அக்டோபர் 11ஆம் தேதி ஜியாங் காய் காவலர்களோடும் ஊர்க்காவலரோடும் அங்கே போனார். எதிரே வந்த ஜூ சிவப்பு முக்காடும் சிவப்புக் கால்சட்டையும் அணிந்திருந்தார். கொடிகள் சிவப்பு, ஈட்டிக் குஞ்சங்கள் சிவப்பு. அதிகாரியின் ஆட்கள் தாக்குப்பிடிக்கவில்லை, அதிகாரியும் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஓர் அரசு அதிகாரி களத்தில் தோற்று ஓடிய செய்தி சுற்றுவட்டாரத்தில் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஊர்களிலிருந்து ஆள் வந்து சேர்ந்தது.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 18, சென்லுவோதியான். அந்தப் பெயருக்கு எமனின் சபை என்று பொருள், அங்கிருந்த கோயிலால் வந்த பெயர். இம்முறை வந்தது யுவான் ஷிதுன் தலைமையில் மாகாணப் படை, கையில் புதிய துப்பாக்கிகள். பாக்சர்களிடம் வாள், ஈட்டி, பழைய வகைத் துப்பாக்கி கொஞ்சம். முதல் மோதலில் படையையே தள்ளாட வைத்தார்கள். கூடுதல் படை வந்ததும் நிலை மாறியது. பாக்சர் தரப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டம் சிதறியது, ஜூ தெற்கே தப்பினார்.

இதன்பின் நடந்ததுதான் பாக்சர் வரலாற்றின் திருப்புமுனை என்று கருதத் தோன்றுகிறது. ஆளுநர் யூ ஷியான் அறிக்கை அனுப்பினார். அரசவை தண்டித்தது யாரை? தோற்ற ஜியாங் காயையும், அப்பாவி ஊரார் சாகக் காரணமானார் என்று வென்ற யுவான் ஷிதுனையும். இருவரும் பதவி இழந்தார்கள். பாக்சர்களை அடக்கினால் வேலை போகும் என்று மற்ற வட்ட அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். அரசு நம் பக்கம் என்று பாக்சர்கள் புரிந்துகொண்டார்கள். இந்த இரண்டாவது புரிதல் முழு உண்மையில்லை. யூ ஷியானின் கொள்கை தலைவர்களைப் பிடிப்பது, பின்தொடர்ந்தவர்களை விட்டுவிடுவது. அது ஜூவின் வாசலுக்கு ஒரு மாதத்தில் வந்தது.

சோறும் பங்கும்

நூறு பேர் ஓர் ஊரில் ஒரு நாள் தங்கினால் ஊரார் உபசரிப்பார்கள். ஆயிரம் பேர் ஒரு வாரம் தங்கினால்? தெய்வ முஷ்டியில் காணிக்கை கிடையாது, கருவூலமும் கிடையாது. கூட்டம் பெருத்ததும் உணவுக்கு இருந்த ஒரே வழி கிறிஸ்தவர் வீட்டுத் தானியம். 'தண்டம் கட்டு, இல்லையேல் வீடு எரியும்' என்ற முறை வந்தது. நவம்பரில் ச்சீபிங் பகுதியில் வீடுகளும் தேவாலயங்களும் வரிசையாகத் தாக்கப்பட்டன. தாக்கப்பட்ட அந்தக் குடும்பங்களும் அதே வெள்ளத்தில் நனைந்த, அதே வறட்சியில் காய்ந்த விவசாயிகள்தான். கிளர்ச்சியாளரின் துயரைச் சொல்லும்போது இவர்களுடைய துயரை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

பொருளாசை கூடாது என்ற விதி இங்கே உடைந்தது. கொள்ளைப் பொருளைப் பிரிப்பதில் தலைவர்களுக்குள் தகராறு முற்றி, ஜூ ஹோங்டெங் தன் ஆட்களாலேயே காயப்பட்டார். ஒரு தளபதியாக இருந்திருந்தால் கீழ்ப்படியாதவரைத் தண்டித்திருப்பார். மூத்த அண்ணனுக்கு அந்த அதிகாரம் இல்லை. உடனிருப்பவர்மேலும் அவரைப் போலவே தெய்வம் இறங்குகிறது, அவருக்கும் தனிப் பீடம் இருக்கிறது. காயப்பட்டுப் பிரிந்து கிடந்த நிலையில் அவரும் பென்மிங்கும் நவம்பர் இறுதிக்குள் பிடிபட்டார்கள். டிசம்பரில் யூ ஷியான் போய் யுவான் ஷிகாய் ஆளுநராக வந்தார். தண்டனை நிறைவேறியது.

யுவான் ஷிகாய் நவீனப் பயிற்சி பெற்ற படையைக் கூடவே கொண்டுவந்தவர். ஷான்டோங்கில் இயக்கம் ஒடுங்கியது. ஆனால் பீடம் வைக்கத் தெரிந்தவர்கள் வடக்கே ஜிலிக்கு நடந்தார்கள். அங்கே வறட்சி, அங்கே தேவாலயம், அங்கே வேலையில்லாப் பிள்ளைகள். 1900 ஜனவரி 11ஆம் தேதி அரசவை ஓர் ஆணை வெளியிட்டது. ஊரைக் காக்கச் சண்டை பயில்கிறவர்களையும் கொள்ளையரையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்றது அது. கதவு இன்னும் அகலத் திறந்தது.

1900இன் அண்ணன்மார்

பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள துறைமுக நகரான தியான்ஜின் பக்கம் மூன்று பெயர்கள் கேட்கப்படும். ஜாங் தெசெங் ஆற்றில் படகு ஓட்டியவர். துலியு என்ற சிறுநகரில் 'வானுலகின் கீழ் முதல் பீடம்' வைத்தார். சாவ் ஃபூதியான் முன்னாள் சிப்பாய். மூன்றாமவர் லின் ஹெய்யர், 'மஞ்சள் தாமரைப் புனிதத்தாய்' என்று வணங்கப்பட்ட இளம்பெண். இவருடைய பெண்கள் அணிக்குச் 'செவ்விளக்கு ஒளி' என்று பெயர். இதைப் பார்த்து ஜூ ஹோங்டெங்கின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. ஜிலி ஆளுநர் தலைவர் யூ லூ, ஜாங் தெசெங்கைத் தன் அலுவலகத்தில் மரியாதையோடு வரவேற்றார். நேற்றுவரை படகோட்டியாக இருந்தவருக்குப் பல்லக்கு வந்தது.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜூன் 10 சீமோர் என்ற பிரிட்டிஷ் தளபதி சுமார் 2,000 பேரோடு ரயிலில் பெய்ஜிங் நோக்கிக் கிளம்பினார். தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருந்ததால் பாதியில் திரும்பினார். ஜூன் 17 தியான்ஜினுக்கான கடல்வழியைக் காத்த தாகூ கோட்டைகளை அயல்நாட்டுப் படைகள் பிடித்தன. ஜூன் 20 ஜெர்மன் தூதர் கெட்டலர் பெய்ஜிங் தெருவில் சுடப்பட்டு இறந்தார், தூதரக முற்றுகை தொடங்கியது. மறுநாள் அரசவை போர் அறிவித்தது. ஜூலை 14 தியான்ஜின் வீழ்ந்தது. ஆகஸ்ட் 14, எட்டு நாட்டுப் படை சுமார் 20,000 பேரோடு பெய்ஜிங்குக்குள் நுழைந்தது, 55 நாள் முற்றுகை முடிந்தது. அந்தப் படையின் பிரிட்டிஷ் பகுதியில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ், முதல் மெட்ராஸ் பயனியர்ஸ் ஆகிய அணிகளும் சீனாவுக்கு அனுப்பப்பட்டன. கிளர்ச்சியில் 200க்கும் மேற்பட்ட அயல்நாட்டவரும் பல ஆயிரக்கணக்கான சீனக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பிறகு வந்த படைகள் செய்த கொலையும் கொள்ளையும் அதற்குக் குறைந்தவையல்ல.

தியான்ஜின் விழுந்ததும் ஜாங் தெசெங் ஒரு சிறுநகருக்குத் தப்பிப் போய்ப் பொருள் கேட்டார். அங்கிருந்தவர்களே அவரைக் கொன்றார்கள். சோறும் பங்கும் என்ற அதே முடிச்சு, இன்னொரு கழுத்தில்.

கொடியில் ஒரு சொல் மாறியது

'இது சிங் அரசுக்கு எதிரான விவசாயிகள் புரட்சியா?' என்று கேட்டால் 1899க்கும் 1900க்கும் இல்லை என்பதே விடை. கொடிகள் எல்லாம் 'சிங்கைத் தாங்குவோம்' என்றே சொன்னன. அந்தச் சொல் மாற ஒரு ரசீது தேவைப்பட்டது.

1901 செப்டம்பர் 7ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி சீனா கட்ட வேண்டிய இழப்பீடு 45 கோடி டேல் வெள்ளி. ஒரு டேல் சுமார் 37 கிராம். 4 சதவீத வட்டியோடு 39 ஆண்டுத் தவணை, வட்டியும் முதலுமாக 98 கோடி டேலைத் தொடும். அரசு இதை மாகாணங்களின்மேல் பிரித்தது, மாகாணம் வட்டங்களின்மேல் பிரித்தது, வட்டம் ஊர்களின்மேல் பிரித்தது. இதுபோக, உள்ளூர்த் தேவாலயங்களுக்கான இழப்பீடு தனி வசூல்.

ஜிலியின் குவாங்சோங் வட்டத்தில் இந்த வரியைக் கட்ட மறுத்து எழுந்தவர் ஜிங் திங்பின். ஜூவைப் போல வந்தேறி அல்லர். அரசின் படைத்துறைத் தேர்வில் பட்டம் பெற்றவர், ஊரில் மதிப்புள்ளவர். 1902 வசந்தத்தில் அவர் ஏற்றிய கொடியில் 'அதிகாரி நெருக்கினால் மக்கள் எழுவார்கள்' என்றும், 'சிங்கைத் துடைப்போம், அயலாரை ஒழிப்போம்' என்றும் எழுதியிருந்தது. 'தாங்குவோம்' போய்த் 'துடைப்போம்' வந்துவிட்டது. அவரை அடக்கப் படை அனுப்பியவர், அப்போது ஜிலிக்கு மாறியிருந்த அதே யுவான் ஷிகாய். ஜூலையில் ஜிங் திங்பின் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

அவரோடு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் முதியவர். லீயுவான்துன் இளைஞர்களுக்காக முன்வந்து, இயக்கத்துக்கு 'யிஹே சுவான்' என்ற பெயரைக் கொடுத்த அதே ஜாவ் சான்துவோ. அவரும் அந்த ஆண்டே பிடிபட்டு நான்கோங் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே உணவைத் தொட மறுத்து உயிர்விட்டார்.